ஐஓரீமேப்: லினக்ஸ் கெர்னலில் சாதன நினைவக மேப்பிங்கின் வரலாறு

ஒரு நெட்வொர்க் கார்டை இயக்க, செயலி அதன் ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். ரெஜிஸ்டர்கள் பௌதிக முகவரிகளில் உட்கார்ந்திருக்கின்றன. கெர்னல் மெய்நிகர் முகவரிகளில் இயங்குகிறது. இரண்டையும் இணைக்கும் பக்க அட்டவணைப் பதிவுகளைப் போட்டு, டிரைவரின் கையில் ஒரு பாயிண்டரைத் தரும் சிறிய நிரல்பகுதிக்கு லினக்ஸில் ஐஓரீமேப் என்று பெயர். அளவில் சிறியது, ஆனால் முப்பது ஆண்டுகளாக ஓயாமல் திருத்தப்பட்டு வருகிறது. அந்தத் திருத்தங்களை வரிசையாகப் படித்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது: டிரைவர் எழுதுபவர்கள் மனதில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றாக நிரலுக்குள்ளேயே இடம்பெயர்ந்திருக்கின்றன. இக்கட்டுரை அந்த இடப்பெயர்ச்சியைப் பின்தொடர்கிறது.

சாதனத்தையும் நினைவகம்போலவே முகவரியிட்டு அணுகும் வழக்கம் லினக்ஸைவிட மிகப் பழையது. 1970-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட பிடிபி-11 கணினியில் உள்ளீடு, வெளியீட்டுக்கெனத் தனிக் கட்டளைகளே கிடையாது. முகவரி வெளியின் உச்சியிலுள்ள 8 கிலோபைட் சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்டெல் வேறு வழியில் சென்றது: 8086 செயலியில் 65,536 போர்ட்டுகள் கொண்ட தனி வெளி இருந்தது. ஆனாலும் ஐபிஎம் பிசியின் திரை நினைவகம் 640 கிலோபைட்டுக்கும் 1 மெகாபைட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் இருந்தது. 1991-இல் எழுதப்பட்ட முதல் லினக்ஸுக்கு அந்தப் பகுதி நேரடியாகவே எட்டியதால் மேப்பிங் என்ற கேள்வியே எழவில்லை.

கேள்வியை எழுப்பியது 1992-இல் வந்த பிசிஐ. அதன் கார்டுகளுக்கு நிலையான முகவரி கிடையாது. கணினி துவங்கும்போது ஒதுக்கப்படும் அந்த முகவரி, பெரும்பாலும் ரேமுக்கு வெகு மேலே, 4 ஜிகாபைட் எல்லையை ஒட்டி அமையும். அங்கே கெர்னலுக்குப் பக்க அட்டவணைப் பதிவு எதுவும் இராது. 1996-இல் வெளியான 2.0 பதிப்பில் இதற்காக இருந்த செயற்கூற்றின் பெயர் விரீமேப், அடுத்த 2.1 வளர்ச்சித் தொடரில் அது ஐஓரீமேப் ஆனது.

அப்போதே ஒரு விதியும் உடன் வந்தது: கிடைக்கும் முகவரியை நேரடியாகப் பாயிண்டராகப் பயன்படுத்தக் கூடாது, ரீட்எல், ரைட்எல் போன்ற செயற்கூறுகள் வழியாகவே அணுக வேண்டும். காரணம் ஆல்ஃபா செயலி. அதன் தொடக்கக்கால மாதிரிகளில் ஒற்றை பைட்டைப் படிக்கவும் எழுதவும் கட்டளையே இல்லாததால், சாதன அணுகலுக்கு முகவரியையே மாற்றிக் கணக்கிட வேண்டியிருந்தது. எக்ஸ்86-இலோ விதியை மீறினாலும் டிரைவர் ஓடியது. ஓடியதால் பலர் மீறினார்கள். ஆவணத்தில் மட்டும் எழுதிவைக்கப்பட்ட விதிக்கு இதுதான் கதி என்பதை அந்த ஆண்டுகளின் டிரைவர்களே சொல்கின்றன.

2004-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த விதியைத் தரவு வகைக்குள் கொண்டுவந்தார். சாதன நினைவகப் பாயிண்டர்களுக்கு ஐஓமெம் என்ற முத்திரை இடப்பட்டது. அவரே எழுதிய ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவி, முத்திரையிட்ட பாயிண்டரை யாராவது நேரடியாகத் திறந்தால் எச்சரிக்கும். இயங்கும் நிரலில் ஒரு பைட்கூட மாறாமல், அதுவரை மறைந்திருந்த தவறுகள் வெளிச்சத்துக்கு வந்தன. இந்த வரலாற்றில் குறைந்த செலவில் மிகுந்த பயன் தந்த மாற்றம் இதுவே என்பது என் மதிப்பீடு.

கேஷ் பிரச்சினை இதைவிடச் சிக்கலானது. சாதன ரெஜிஸ்டரை கேஷில் வைத்தால் பழைய மதிப்பே திரும்பத் திரும்ப வரும். எழுதியது சாதனத்தைச் சென்றடையாமலும் போகலாம். திரை நினைவகத்துக்கோ எழுதுதல்களைச் சேர்த்து மொத்தமாக அனுப்பினால்தான் வேகம் கிடைக்கும். 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவின் எம்டிஆர்ஆர் ரெஜிஸ்டர்கள் இந்தக் கேஷ் பண்பைப் பௌதிக முகவரி வரம்புவாரியாக நிர்ணயித்தன. ஆனால் அவை எண்ணிக்கையில் சில மட்டுமே. பக்கத்துக்குப் பக்கம் தனியாகத் தேர்வு செய்யும் பாட் வசதி 1999-இல் பென்டியம் III-உடன் வந்தது. லினக்ஸ் அதை முழுமையாகக் கையாண்டது 2008-இல், 2.6.26 பதிப்பில்தான்.

இந்தத் தாமதத்தை அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. ஒரே பௌதிகப் பக்கத்தை ஓரிடத்தில் கேஷுடனும் இன்னோரிடத்தில் கேஷ் இல்லாமலும் மேப் செய்தால் விளைவுக்கு உத்தரவாதமில்லை. எனவே யார் எந்தப் பக்கத்தை எந்தப் பண்புடன் வைத்திருக்கிறார்கள் என்ற பதிவேட்டைக் கெர்னல் முதலில் கட்ட வேண்டியிருந்தது. இதற்குச் சற்று முன்பு, 2.6.25-இல், எக்ஸ்86-இன் ஐஓரீமேப் இயல்பாகவே கேஷ் இல்லாத மேப்பிங்கைத் தரும்படி மாற்றப்பட்டிருந்தது. அதுவரை முடிவு எம்டிஆர்ஆர் அமைப்பைப் பொறுத்தே இருந்தது.

அதே 2008-இல் நடந்த ஒரு விபத்தை நெருங்கிப் பார்ப்பது தகும். 2.6.27-இன் முன்னோட்டப் பதிப்புகளை ஓட்டியவர்களின் கணினிகளில் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செயலிழந்தன. மறுதுவக்கம் உதவவில்லை, கார்டின் நிலைநினைவகமே கெட்டுப்போயிருந்தது. இ1000இ டிரைவர் மீதுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. உண்மையான காரணம் எஃப்ட்ரேஸ் என்ற தடமறியும் கருவியில் இருந்தது. செயற்கூறுகளின் தொடக்கத்திலுள்ள அழைப்பு இடங்களை அது குறித்து வைத்து, பின்னர் அவற்றை மாற்றி எழுதும். ஒரு மாட்யூல் ஏற்றப்பட்டதும் அதன் துவக்கப் பகுதி விடுவிக்கப்பட்டுவிடும். ஆனால் எஃப்ட்ரேஸின் குறிப்பில் அந்த முகவரி அப்படியே இருந்தது. 32-பிட் எக்ஸ்86-இல் மாட்யூல்களும் ஐஓரீமேப்பும் ஒரே மெய்நிகர் வெளியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. காலியான அந்த இடத்தில் கார்டின் ஃப்ளாஷ் நினைவகம் மேப் செய்யப்பட்டது.

எஃப்ட்ரேஸ் கண்மூடி எழுதவில்லை. எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் மாற்றும் ஒப்பீட்டுக் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. ஆனால் இன்டெல் செயலியில் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும், படித்த மதிப்பையே திரும்ப எழுதுகிறது. ரேமில் அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஃப்ளாஷில் அது அழிவு. 2.6.27 அக்டோபரில் வெளிவந்த கையோடு, 2.6.27.1-இல் எஃப்ட்ரேஸின் அந்த மாற்றி எழுதும் வசதி முடக்கப்பட்டது; கார்டின் நிலைநினைவகத்துக்கு எழுதுதல் தடுப்பு அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. ஐஓரீமேப்பில் தவறே இல்லை. ஆனால் அது தரும் முகவரி ரேமின் முகவரியிலிருந்து பார்வைக்கு வேறுபடாது என்பதுதான் ஆபத்தின் வேர்.

ஆர்ம் செயலிகளில் இதே வேர் வேறுவிதமாக முளைத்தது. ஆர்ம்வி6 முதல், ஒரே பக்கத்தைச் சாதாரண நினைவகமாகவும் சாதன நினைவகமாகவும் மேப் செய்வதன் விளைவைக் கணிக்க இயலாது என்று வரையறையே கூறுகிறது. 2010-இல் ஆர்ம் பராமரிப்பாளர் ரஸ்ஸல் கிங், ரேமை ஐஓரீமேப் செய்வதைத் தடைசெய்தார். அதை நம்பியிருந்த டிரைவர்கள் உடைந்தன. தடை தற்காலிகமாக எச்சரிக்கையாகத் தளர்த்தப்பட்டு, பிறகு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. உடைந்தவர்களின் சிரமம் உண்மையானது. ஆனாலும் கிங் செய்ததே சரி: எப்போதாவது, காரணம் புரியாமல் தரவு கெடுவதைவிட உடனே தெரியும் தோல்வி மேல். 2015-இல் டான் வில்லியம்ஸ் கொண்டுவந்த மெம்ரீமேப் இந்தப் பிரிவினையை நிறைவாக்கியது. படித்தாலே விளைவு ஏற்படும் ரெஜிஸ்டர்களுக்கு ஒரு வழி, வெறும் நினைவகத்துக்கு மற்றொரு வழி. அதே ஆண்டில் பெரிய பக்கங்களால் மேப் செய்யும் வசதியும் வந்தது. 1 டெராபைட்டை 4 கிலோபைட் பக்கங்களாக மேப் செய்தால் பக்க அட்டவணைக்கே 2 ஜிகாபைட் போய்விடும்.

மேப்பிங்கை விடுவிக்க மறப்பது பழைய நோய். 2007-இல் டெஜுன் ஹியோவின் டெவ்ரெஸ் கட்டமைப்பு, டிரைவர் விலகும்போது தானாகவே விடுவிக்கும் முறையைத் தந்து அதற்கு மருந்தானது.

பராமரிப்பின் பெரும் உழைப்பு இதற்குப் பிறகு நீக்குதலில் செலவானது. ஐஓரீமேப்-நோகேஷ் என்ற தனிச் செயற்கூறு, வழக்கமான ஐஓரீமேப்பே கேஷ் இல்லாததாக ஆன பிறகும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பொருள் இருக்கும் என்றுதான் புதியவர் நினைப்பார்; ஊகித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2020-இல், 5.6 பதிப்பில், எல்லா அழைப்புகளையும் மாற்றி அந்தப் பெயரை ஒழித்தார். செயலி வகைக்கு ஒன்றாகப் பெருகியிருந்த ஐஓரீமேப் நகல்களுக்குப் பொதுவடிவம் ஒன்றையும் அவர் அமைத்தார். 2023-இல் பாவோகுவான் ஹே மேலும் பல செயலி வகைகளை அதற்கு மாற்றினார். ஒரு நகலில் திருத்திய பிழை மற்ற நகல்களில் தங்கிவிடும் நிலை அப்போதுதான் பெருமளவு குறைந்தது. புதிய வசதி எதையும் தராத இத்தகைய வேலைக்குப் பாராட்டு குறைவு. எனினும் இந்த நிரலின் ஆயுளை நீட்டியது இதுதான்.

வன்பொருளோ ஒருமைக்குக் கட்டுப்படுவதில்லை. ஆப்பிள் எம்1 சிப்பின் உள்சாதனங்கள், எழுதுதல் சென்றடைந்ததற்கான ஒப்புதலை இலக்கிடமிருந்தே பெறும் மேப்பிங்கை மட்டும் ஏற்கின்றன. அதே சிப்பின் பிசிஐ சாதனங்களுக்கோ வழக்கமான முறை வேண்டும். 2021-இல், 5.13 பதிப்பில், ஹெக்டர் மார்ட்டின் இதற்கென ஐஓரீமேப்-என்பி என்ற வகையைச் சேர்த்தார். எது எங்கே தேவை என்பதை வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ சொல்லிவிடுவதால், பிற சிப்புகளுக்காக எழுதிய டிரைவரையும் திருத்தாமல் பயன்படுத்த முடிகிறது.

அண்மைய கட்டம் ரஸ்ட் மொழி. 2025-இல் வெளியான 6.14 பதிப்பில் சேர்ந்த ஐஓ அடுக்கில், மேப்பிங்கின் குறைந்தபட்ச அளவு தரவு வகையின் பகுதியாகிறது. அந்த அளவைத் தாண்டிய இடத்தை இயக்கநேரச் சோதனையின்றி அணுகும் டிரைவர் கம்பைலே ஆகாது. சாதனம் பிரிக்கப்பட்டதும் அணுகலும் பறிக்கப்படுகிறது. ஆனால் எந்த ரெஜிஸ்டரைப் படித்தால் அதன் மதிப்பு அழியும், எதை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பவை இன்னும் உற்பத்தியாளரின் தரவேட்டில்தான் இருக்கின்றன.