வெயில் சுட்ட நீர்: வெந்நீரின் வரலாறும் நம் வீட்டு மாடியும்



மார்கழியில் காரிமங்கலத்தின் அதிகாலை கடுமையானது. பஜ்ருக்கு வருவோர் குழாயடியில் கைகளை ஊதிக்கொண்டு ஒரு கணம் தயங்கித்தான் நிற்பர். அப்படியொரு காலையில், தொழுகைக்குப் பின் பாடம் நடந்துகொண்டிருக்கையில், ஒரு மாணவர் எம்மிடம் கேட்டார்: "உஸ்தாத், எங்கள் வீட்டில் சோலார் ஹீட்டர் வைக்கலாம் என்று வாப்பா சொல்கிறார். வெயிலில் சுட்ட தண்ணீர் மக்ரூஹ், அதில் உளூ செய்யக் கூடாது என்று தாத்தா தடுக்கிறார். எது சரி?"

தாத்தா கடற்கரை ஊர்க்காரர். ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளை ஓதியவர். அவர் சொன்னது வெறும் பேச்சன்று, கிதாபில் உள்ளதுதான். ஆனால் அதே வீட்டில் மாணவரின் தாயார் பாங்கு சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, புகையில் கண் கசக்கி, பாய்லருக்குத் தீ மூட்டுகிறார் என்பதையும் நாம் அறிவோம். ஒரு பக்கம் மார்க்கப் பேணுதல், மறுபக்கம் ஒரு தாயின் கண்கள். இரண்டையும் மதித்துத்தான் விடை சொல்ல வேண்டும். அதற்கு வெந்நீரின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

வெந்நீர் இல்லாத ஓர் இரவு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்புக்குத் தலைமை தாங்கிச் சென்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவொன்றில் குளிப்பு கடமையாயிற்று. குளிர்ந்த நீரில் குளித்தால் உயிருக்கே ஆபத்து என அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுவித்தார்கள். மதீனா திரும்பியதும் செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றது. தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளக் கூடாது என்னும் இறைக்கட்டளையை அம்ர் (ரலி) காரணமாகக் கூறினார்கள். பெருமானார் (ஸல்) சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. உடலுக்குத் தீங்கு நேராமல் காப்பதும் மார்க்கத்தின் நோக்கமே என்பதற்கு இந்நிகழ்ச்சி நிலையான சான்று.

உமர் (ரலி) அவர்கள் சூடான நீரில் உளூ செய்ததை இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பில் ஒரு பாடத் தலைப்பிலேயே குறித்துள்ளார்கள். முஜாஹித் (ரஹ்) போன்ற ஒரு சிலர் சுடுநீரை விரும்பாவிடினும், பெரும்பான்மை அறிஞர்கள் நெருப்பில் காய்ச்சிய நீரைத் தடையின்றி ஏற்றனர். சிரமம் இருந்தும் உளூவை நிறைவாகச் செய்வதற்கு நற்கூலி உண்டு என்பது நபிமொழி. அதற்காகக் குளிரை வலிந்து தேடிப்போக வேண்டும் என்று எவரும் பொருள் கொள்ளவில்லை.

தாத்தாவின் கிதாபு என்ன சொல்கிறது?

வெயிலில் சூடேறிய நீரை ஃபிக்ஹு நூல்கள் 'மாஉல் முஷம்மஸ்' என்று அழைக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ் தன்ஸீஹ். அதாவது தவிர்ப்பது நல்லது, பயன்படுத்தினால் பாவமில்லை, உளூவும் கூடிவிடும். அதற்கும் நிபந்தனைகள் பல: வெப்பம் மிகுந்த நாடாக இருக்க வேண்டும்; தங்கம், வெள்ளி அல்லாத, அடித்துத் தட்டி உருவாக்கும் உலோகப் பாத்திரமாக இருக்க வேண்டும்; சூடு ஆறாத நிலையில் உடலில் பயன்படுத்த வேண்டும். மண்பாண்டத்து நீருக்கும் குளத்து நீருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

ஏன் இத்தனை நிபந்தனை? காரணம் மருத்துவம். வெயில் பட்ட உலோகத்திலிருந்து ஒருவகைக் கசடு நீரில் கலந்து, தோலில் வெண்குட்டத்தை உண்டாக்கும் என்று அக்காலத்தார் கருதினர். ஹிஜ்ரி 204இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே, மருத்துவக் காரணம் தவிர வேறு எதற்காகவும் தாம் இதை வெறுக்கவில்லை என்னும் கருத்தைத் தம் 'அல்உம்மு' நூலில் தெளிவாக்கியுள்ளார்கள்.

நான்கரை நூற்றாண்டுக்குப் பின் வந்த இமாம் நவவீ (ரஹ்), மத்ஹபின் சட்டச் சுருக்கமாகிய 'மின்ஹாஜ்' நூலில் இந்நீரை மக்ரூஹ் என்றே பதிந்தார்கள். ஆனால் ஆதாரங்களை விரிவாக ஆராயும் 'மஜ்மூஃ' நூலில், இதுபற்றிய நபிமொழி பலவீனமானது, மருத்துவர்களிடமிருந்தும் உறுதியான சான்று இல்லை, ஆகவே வெறுப்புக்கு அடிப்படை இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் 'துர்ருல் முக்தார்' நூலும் வெறுப்பின்றி ஆகும் என்கிறது; அதற்கு விரிவுரை எழுதிய இப்னு ஆபிதீன் (ரஹ்) தவிர்ப்பதன் பக்கம் சாய்கிறார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது நம் முன்னோரின் அணுகுமுறையை. தீங்கு உண்டா என்று கேட்டார்கள்; மருத்துவரிடம் விசாரித்தார்கள்; சான்று இல்லாதபோது சட்டத்தை மறுபடி எடைபோட்டார்கள். அதே அளவுகோலை நம் வீட்டு அடுப்பின் மீதும் வைத்துப் பார்த்தால் என்ன?

ஹம்மாம் முதல் பாய்லர் வரை

'ஹம்மாம்' என்பது சூட்டைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல். ஜோர்டான் பாலைவனத்தில் உமைய்யாக்கள் 8ஆம் நூற்றாண்டில் எழுப்பிய குஸைர் அம்ராவில் வெந்நீர்க் குளியலறைகள் இன்றும் நிற்கின்றன. நம் நாட்டில் புர்ஹான்பூர் அரண்மனையிலும் தில்லிச் செங்கோட்டையிலும் முகலாயர் கட்டிய ஹம்மாம்கள் உண்டு. காஷ்மீரில் பள்ளிவாசல்களோடு சேர்ந்தே ஹமாம் அமைந்திருக்கும். கல் தளத்துக்கு அடியில் விறகு எரித்து, நீரையும் தொழவந்தோர் அமரும் இடத்தையும் ஒருசேரச் சூடாக்குவர். இவற்றைக் கட்டிய மன்னர்களின் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. விடியுமுன் உலைவாயில் அமர்ந்து விறகு தள்ளியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

அச்சொல் நம் ஊருக்கும் வந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்த பாராமகால், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் கம்பெனியின் கைக்கு மாறியது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்தப் பாராமகாலின் பகுதிகளே. தக்காணத்து உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் இங்கே கலந்து வாழ்கின்றன. நடுவில் நெருப்புக்குழாயும் சுற்றிலும் நீரும் கொண்ட தாமிரக் கலனை உருது வீடுகளில் இன்றும் 'ஹமாம்' என்பார்கள். தமிழ் வீடுகளில் 'பாய்லர்'. அதற்குத் தீனி தென்னை மட்டை, கொட்டாங்கச்சி, வேலிக்காத்தான் விறகு. தேங்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற காரிமங்கலத்தில் மட்டைக்குப் பஞ்சமில்லை. ஆதலால் வெந்நீர் இலவசம் என்றே எண்ணிவந்தோம். தீ மூட்டும் பெண்ணின் தூக்கமும் நுரையீரலும் கணக்கில் வரவில்லை.

அந்தக் கணக்கை எடுத்தவர்களும் அருகிலேயே இருந்தனர். 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய குமார் நாராயண ரெட்டி 'ஆஸ்திரா' என்னும் கிராமத் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கினார். புகை குறைந்து விறகு மிஞ்சும் சமையல் அடுப்போடு, குளியல் வெந்நீருக்கென்றே ஓர் அடுப்பையும் அப்பிரிவு வடிவமைத்தது.

பின்னர் மின்சாரம் வந்தது. வாளியில் போடும் ஹீட்டர் ராடு மலிவு; ஆனால் சுவிட்சை அணைக்காமல் நீரைத் தொட்டவர் உயிரிழந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசர், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிர் பறித்ததும் உண்டு. மருத்துவர் சொல்லும் தீங்கு என்று நாம் அஞ்ச வேண்டியவை இவையே.

வெயிலுக்கு வேலை கொடுத்தவர்கள்

1891இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப், கறுப்பு வண்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்து வெயிலால் நீர் சுடவைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பகலில் சுட்ட நீர் இரவில் ஆறிவிடுவது அதன் குறை. 1909இல் கலிஃபோர்னியாவின் வில்லியம் பெய்லி, சூடேற்றும் தட்டையும் நீர்த் தொட்டியையும் பிரித்து, தொட்டிக்கு வெப்பம் கசியாத உறை போட்டார். பகலில் சேர்த்த சூடு காலைவரை நின்றது. பஜ்ருக்கு உளூ செய்ய விழைவோர்க்கு வேண்டியது இதுதானே! சுடும் நீர் இலேசாகி மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியால், மோட்டார் இல்லாமலே நீர் சுழல்கிறது. இன்று நம் மாடிகளில் உள்ள கருவியின் அடிப்படையும் அதுவே.

முஸ்லிம் உலகிலும் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1913இல் கெய்ரோவை அடுத்த மஆதியில், ஃபிராங்க் ஷூமன் என்னும் பொறியாளர் வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீராவி உண்டாக்கி, நைல் நீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது, பின்னர் மலிவான எண்ணெய் வந்தது, அம்முயற்சி மறக்கப்பட்டது.

நமக்கு மிக அருகில் உள்ள சான்று பெங்களூரு. வேலைக்கும் வணிகத்துக்கும் காரிமங்கலத்து மக்கள் நாள்தோறும் நெடுஞ்சாலையில் சென்றுவரும் நகரம் அது. 2007இல் கர்நாடக அரசு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்கு சோலார் ஹீட்டரைக் கட்டாயமாக்கியது. வைத்தவர்களுக்கு மின்கட்டணத்தில் சிறு தள்ளுபடியும் தரப்பட்டது. இன்று அந்நகரின் மாடிகளைப் பார்த்தால் வரிசை வரிசையாகத் தொட்டிகள் தெரியும். நம்மைவிடக் குளிரும் மழையும் மிகுந்த ஊரில் நடந்தது, வெயில் காயும் நம் ஊரில் நடவாதா?

நம் வீட்டுக் கணக்கு

20 லிட்டர் வாளி நீரை 20 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் தேவை. ஐந்து பேர் கொண்ட வீட்டில் நாளுக்கு ஐந்து வாளி என்றால், இரண்டு மாதத்தில் சுமார் 140 யூனிட். தமிழக அரசு 2016 மே முதல் வீடுகளுக்கு வழங்கும் இலவச 100 யூனிட்டையும் வெந்நீர் ஒன்றே விழுங்கிவிடுகிறது. அதே வீட்டுக்கு 100 லிட்டர் சோலார் ஹீட்டர் போதும்; மாடியில் வெயிலேற்கும் தட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் அளவில் இடம் வேண்டும். மாடி இல்லாதவர்க்கு ஹீட் பம்ப் என்னும் கருவி உண்டு. அது காற்றிலுள்ள வெப்பத்தை நீருக்கு மாற்றுவதால், மின்செலவு மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறையும். ஆனால் விலை அதிகம். இரண்டும் இயலாதவர், நட்சத்திரக் குறி அதிகமுள்ள கீசரை வாங்கி, தேவையான நேரத்துக்கு மட்டும் போட்டு அணைக்கலாம்.

நம் மாவட்டத்தார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் உப்பு நீர். சோலார் தட்டின் மெல்லிய தாமிரக் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை இதைச் சற்றுத் தாங்கும். அதையும் அவ்வப்போது கழுவ வேண்டும். தாத்தாவின் ஐயத்துக்கும் இவ்வகை இசைவானது. ஏனெனில் அதில் நீர் வெயில் வாங்குவது கண்ணாடிக்குள்ளே, தட்டி உருவாக்கிய உலோகத்தில் அன்று.

ஆயினும் எந்தக் கருவியையும்விடப் பெரிய சிக்கனம் ஒன்று உண்டு. பெருமானார் (ஸல்) ஒரு முத்து நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் முடித்தார்கள். மத்ஹபுகளின் கணக்கில் சிறு வேறுபாடு இருப்பினும், ஒரு முத்து என்பது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள். ஒரு ஸாஉ மூன்று, நான்கு லிட்டருக்குள். எனக்கு இது போதாது என்று ஒருவர் சொன்னபோது, உம்மைவிடச் சிறந்தவரும் உம்மைவிட முடி அடர்ந்தவருமான ஒருவருக்கு அது போதுமாயிருந்தது என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) விடையளித்தார்கள். மாடியிலிருந்து சூடான நீர் வந்து சேரும்வரை குழாயைத் திறந்துவிட்டு வாளி வாளியாகக் குளிர்ந்த நீரை ஓடவிடுவோமானால், சோலார் வைத்தும் நாம் வீண்விரயம் செய்தவர்களே. அந்நீரை ஒரு வாளியில் பிடித்து வைத்தல் வேண்டும்.

மாணவருக்கு நாம் சொன்னது இதுதான்: "தாத்தாவிடம் வாதாடாதீர். அவர் ஓதிய மின்ஹாஜ் சரியே. அதை எழுதிய இமாமே மஜ்மூஃவில் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் அவர் அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டும். பிறகு ஒருநாள் பஜ்ருக்கு முன் உம் தாயாரோடு எழுந்து, அந்தப் பாய்லருக்கு நீரே தீ மூட்டும்."

நமக்கு வெயிலைத் தந்தவனும் நீரைத் தந்தவனும் அல்லாஹ்வே. இரண்டையும் அளவறிந்து பயன்படுத்தி, நம் வீட்டுப் பெண்களின் சுமையைக் குறைக்கும் நற்பேற்றை அவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.