திருச்சி டு யாழ்ப்பாணம் 184 கி.மீ... விருத்தாசலத்துல இருந்து கிளம்பினா எத்தனை மணி நேரம்?

மேப்பில் நேர்கோடு போட்டுப் பார்த்தால், திருச்சி ஏர்போர்ட்டுக்கும் இலங்கையின் வடகோடியில் இருக்கும் பலாலி (யாழ்ப்பாணம்) ஏர்போர்ட்டுக்கும் இடையே சுமார் 184 கி.மீ.தான். விருத்தாசலத்துல இருந்து சென்னைக்கு ரயில்ல போற தூரத்தைவிடக் கம்மி! யாழ்ப்பாணத்துல சொந்தக்காரங்க கல்யாணமோ, துக்கமோ... அவசரமா போகணும்னா எந்த ஏர்போர்ட் பெஸ்ட்?

எப்போ வந்தது இந்த ரூட்?

உள்நாட்டுப் போரால் பல வருஷம் முடங்கிக் கிடந்த பலாலி, 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறந்தது. கொரோனாவில் நின்றுபோன சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30-ல் திருச்சியிலிருந்தும் இண்டிகோ பறக்க ஆரம்பித்தது. அதுக்கு முன்னாடி கொழும்புல இறங்கி, பஸ்ஸிலோ ரயிலிலோ இன்னும் சுமார் 400 கி.மீ. போகணும்.

தூரம் பாதி, நேரம் பாதி இல்லையே?

சென்னை - யாழ்ப்பாணம் சுமார் 354 கி.மீ., 1 மணி 15 நிமிஷம். திருச்சியிலிருந்து 184 கி.மீ., ஆனா சுமார் 1 மணி நேரம். ஏன்?

இந்த ரூட்டில் பறப்பது ஏ.டி.ஆர்.72 என்ற சின்ன விமானம். உச்சத்துல மணிக்கு 500 கி.மீ. வேகம். அப்படிப் பார்த்தா 184 கி.மீ-க்கு 22 நிமிஷம் போதும். ஆனா டிக்கெட்ல இருக்கும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்றதுல தொடங்கி, இறங்கி நிக்கிற வரைக்குமான கணக்கு. ரன்வேக்குப் போறது, மேலே ஏறுறது, இறங்குறது எல்லாம் தூரம் குறைஞ்சாலும் பெருசா குறையாது.

நம்ம ஊர்க் கணக்கு

திருச்சி வழி: ரயில் 2 மணி நேரம், ஜங்ஷனிலிருந்து ஏர்போர்ட் அரை மணி, செக்-இன், இமிக்ரேஷனுக்கு 3 மணி, விமானம் 1 மணி, பலாலியில் வெளியே வந்து யாழ்ப்பாணம் டவுனுக்குப் போக ஒன்றேகால் மணி. மொத்தம் 8 மணி நேரத்துக்குள்ள.

சென்னை வழி: தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனாலும் மொத்தம் 9 மணி நேரம் ஆகிடும்.

ஆக, வானத்துல மிச்சமாகுறது கால் மணி நேரம். மீதி மிச்சமெல்லாம் தரையிலதான். பக்கத்திலேயே இருக்கும் நெய்வேலி ஏர்போர்ட் உடான் திட்டப் பட்டியலில் இருந்தும், பயணிகள் விமானம் இன்னும் வரலை. அதுவரை நமக்கு ஜங்ஷன்தான் ஏர்போர்ட்!

கிளம்பும் முன்...

* திருச்சின்னா விமான நேரத்துக்கு 6 மணி நேரம், சென்னைன்னா 7 மணி நேரம் முன்னாடி விருத்தாசலத்துல ரயில் ஏறிடுங்க.
* இரண்டு நாட்டுக்கும் கடிகார நேரம் ஒண்ணுதான். குழப்பம் வேண்டாம்.
* பாஸ்போர்ட்டோட, இலங்கைக்கான இ.டி.ஏ. அனுமதியையும் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிடுங்க.
* நம்ம ஊர் செராமிக் பொம்மையைப் பரிசா கொண்டு போறீங்களா? துணியில் சுத்தி கைப்பையில வைங்க. ஏ.டி.ஆரில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி சின்னது, பெரிய பை நுழையாது.
* விமான நேரமும் நாள்களும் மாறலாம். ரயில் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒருமுறை செக் பண்ணிடுங்க.