பிரதியும் ஆகுதியும்

என் தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தம் தந்தையாரிடம் செவிவழியாகக் கற்ற கீழ்வாயிலக்க வாய்பாட்டை, மாகாணி, அரைக்கால், கால், அரை என்று ஒருவகை இராகத்தோடு என் மகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை ஒருநாள் கைபேசியில் காணொளியாக எடுத்து வைத்தேன். ஏறத்தாழ மூன்று நிமிடம். அந்த இராகத்தை அறிந்த வேறொருவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் மறைந்த பிறகு ஒருநாள் கைபேசி ‘இடமில்லை’ என்று எச்சரித்தது. எல்லாப் படங்களும்தாம் மேகச் சேமிப்பில் இருக்கின்றனவே என்ற துணிவில் சில நூறு கோப்புகளைக் கைபேசியிலிருந்து அழித்தேன். அவருடைய திதிக்கு முன்னாள் அந்தக் காணொளியைத் தேடினேன். கைபேசியிலும் இல்லை, மேகத்திலும் இல்லை. இங்கே அழித்தது அங்கேயும் அழிந்திருந்தது. அழித்தவற்றை மீட்பதற்குரிய நாட்கெடுவும் கடந்திருந்தது.

தவறு என்னுடையது. ஆயினும் அத்தவறு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கையில், படங்களைப் பிறர் வீட்டில் வைத்துக் காக்கும் இந்தப் புதிய பழக்கத்தின் வரலாற்றைச் சற்று அறிய வேண்டியிருந்தது. அறிந்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

*

1975ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் எண்ணியல் கேமராவை இயக்கிக் காட்டினார். நீளத்தில் நூறு புள்ளி, அகலத்தில் நூறு புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அதை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடிகள் ஆயின. ஒரு நாடாவுக்கு முப்பது படங்கள் என்று சாசன் வரையறுத்தார். அக்காலப் படச்சுருள்களில் 24 படமோ 36 படமோ இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட எண்ணாக முப்பதைத் தேர்ந்தார். படம் என்பது எண்ணி எடுக்கும் பொருள் என்ற மனநிலை புதிய கருவிக்குள்ளும் அப்படியே நுழைந்ததை இங்கே காண்கிறோம்.

அந்த மனநிலை தகர்வதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1997 ஜூன் 11 அன்று கலிபோர்னியாவின் சாந்தாகுரூஸ் நகர மருத்துவமனையில், பிலிப் கான் என்ற கணினி வல்லுநர் தமக்குப் பிறந்த மகளைப் படமெடுத்தார். காசியோ கேமராவையும் மோட்டரோலா கைபேசியையும் மடிக்கணினியையும் கம்பிகளால் பிணைத்து, அப்படத்தை அங்கிருந்தே தம் வீட்டிலிருந்த வழங்கிக்கு அனுப்பினார். 2000க்கும் மேற்பட்டோருக்கு அது சென்று சேர்ந்தது. கைபேசிப் படத்தின் வரலாற்றை இந்நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த முதற்படமே கருவியிலேயே தங்கிவிடாமல் வேறோர் இடத்திற்கு ஏற்றப்பட்ட படமாக இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆயின் அந்த வழங்கி கானுடையது, அவர் வீட்டிலிருந்தது. இன்று நம் படங்கள் செல்லும் வழங்கி நம்முடையதன்று. இந்த வேறுபாட்டில்தான் நம் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

‘மேகம்’ என்ற சொல் ஆகாயத்தை நினைவூட்டினாலும் மேகச் சேமிப்பு மண்ணில்தான் இருக்கிறது. வரிசை வரிசையாக வன்தட்டுகள் அடுக்கப்பட்ட, இடைவிடாது குளிரூட்டப்படும் பெருங்கட்டடங்களையே மேகம் என்று அழைக்கிறோம். 2006 மார்ச்சில் அமேசான் நிறுவனம் தன் ‘எஸ்3’ சேவையைத் தொடங்கி, இத்தகைய இடத்தை யாரும் வாடகைக்கு எடுக்கலாம் என்றாக்கியது. 2011 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐகிளவுட் வந்தது. அதன் தொடக்ககாலப் படச்சேவை அண்மைப் படங்களை மேகத்தில் முப்பது நாள் மட்டுமே வைத்திருந்தது. அது ஒரு வழிப்போக்கர் சத்திரம். நிரந்தரக் குடியிருப்பு என்ற எண்ணத்தை மக்களிடம் பரப்பியது 2015 மே மாதம் வெளிவந்த கூகுள் போட்டோஸ். படங்கள் 16 மெகாபிக்சலுக்கும், காணொளிகள் 1080 வரித் தரத்துக்கும் மிகாதவாறு சுருக்கப்படுவதற்கு இசைந்தால் எத்தனை கோப்புகளையும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது அந்நிறுவனம். முப்பது படம் என்ற சாசனின் எல்லை நாற்பதே ஆண்டுகளில் எல்லையின்மை ஆயிற்று.

*

எல்லையின்மை நீடிக்கவில்லை. 2020 நவம்பரில் அந்நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, அதன் கிடங்கில் நான்கு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. வாரந்தோறும் 2800 கோடிப் படங்களும் காணொளிகளும் புதிதாக வந்துகொண்டிருந்தன. 2021 ஜூன் முதல் நாளிலிருந்து இலவச எல்லையின்மை முடிவுக்கு வந்தது. அதன்பின் ஏற்றப்படுபவை மின்னஞ்சலுக்கும் சேர்த்துள்ள 15 ஜிகாபைட் கணக்கில் சேர்ந்தன. முன்பு ஏற்றியவற்றுக்கு விலக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது தனியொரு நிறுவனத்தின் கதையன்று. 2004இல் தொடங்கப்பட்ட பிளிக்கர் தளம் 2013இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாக அளித்தது. 2018இல் அதை வாங்கிய ஸ்மக்மக் நிறுவனம், இலவசக் கணக்குக்கு 1000 கோப்புகள் என எல்லை வகுத்து, மிகுதியாக உள்ளவை நீக்கப்படும் என்று அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. எண்ணியல் கேமராவைப் பெற்றெடுத்த கோடாக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரிற்று. அதே ஆண்டு ஜூலையில் அதன் இணையப் படக்காட்சியகம் மூடப்பட்டு, அமெரிக்க, கனடிய வாடிக்கையாளர்களின் படங்கள் வேறொரு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டன. மைஸ்பேஸ் தளமோ, வழங்கி மாற்றும் பணியில் பல ஆண்டுகளின் இசைக்கோப்புகளும் படங்களும் காணொளிகளும் போய்விட்டன என்று தெரிவித்தது. 2019இல் இச்செய்தி உலகெங்கும் பரவியது.

தீயும் தன் பங்கைச் செய்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்தடுக்குத் தரவு மையம் எரிந்து போனது. வாடிக்கையாளர் சிலருடைய மூலமும் காப்புநகலும் அதே வளாகத்தில் இருந்தமையால் இரண்டும் ஒருசேர அழிந்தன. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியது. அரசு அலுவலர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ என்ற மேகக்கிடங்கில் 858 டெராபைட் தரவுகள் அழிந்தன. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வேறிடத்தில் நகல் வைக்கப்படவில்லை. உலகின் தொழில்நுட்ப முன்னோடி நாடொன்றின் அரசுக்கே இது நேர்ந்தது.

இவற்றுக்கு மாறான நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளை யாரோ இட்ட ஓர் ஆணை மளமளவென்று அழிக்கத் தொடங்கியது. காப்புநகல்களை எடுத்துப் பார்த்தபோது அவை முறையாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. படத்தை மீட்டது ஒரு வீட்டுக் கணினி. தொழில்நுட்பப் பொறுப்பாளர் கேலின் சஸ்மன் குழந்தை பெற்று வீட்டிலிருந்தபடியே பணிபுரிந்ததால், படத்தின் ஒரு பிரதி அவரிடம் இருந்தது. 1999இல் படம் திரைக்கு வந்தது. காப்பதற்கென்றே அமைத்த ஏற்பாடு கைவிட்ட இடத்தில், தற்செயலாக வேறோரிடத்தில் இருந்த பிரதி காத்தது.

*

இவ்விடத்தில் தமிழ் படித்தவன் ஒருவனுக்கு உ.வே.சாமிநாதையரின் நினைவு வராமல் இராது. ‘என் சரித்திரம்’ நூலில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்றதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அங்கே பழுதுற்ற ஏடுகளை ஆகுதியாகத் தீயிலிட்டுவிட்டதாக அறிந்து அவர் நெஞ்சம் பதைக்கிறது. தொடர்ந்து அவர் தரும் விளக்கமே நமக்கு இன்றியமையாதது. பழஞ்சுவடி சிதைந்தால் முதலில் புதுப்பிரதி செய்துகொண்டு, பிறகு பழையதை ஆகுதி செய்வது முன்னோர் வழக்கம். அப்போது இழப்பு ஏதுமில்லை. பின்வந்தவர்களோ பிரதி செய்வதை மறந்து ஆகுதியை மட்டும் கைக்கொண்டனர் என்கிறார்.

நான் செய்தது அதுவேதான். பிரதி இருக்கிறதா என்று திறந்து பாராமலே ஆகுதி செய்தேன். ஓலை சில நூற்றாண்டுகள் தாங்கும். வன்தட்டு சில ஆண்டுகள் தாங்கும். இரண்டுமே அழியும் பொருள்கள். சங்கநூல்கள் நம்மை வந்தடைந்தது ஓலையின் உறுதியால் அன்று. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்தெழுதியதால், அப்பிரதிகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில் கிடந்ததால்.

நம் காலத்தின் மயக்கம், இந்த உழைப்பை மேகம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நம்புவதே. மேகச் சேமிப்புச் செயலிகள் இருவேறு பணிகளைச் செய்கின்றன. நகலெடுத்து வைத்தல் ஒன்று. இரு இடங்களையும் ஒன்றுபோல் ஆக்கும் ஒத்திசைவு மற்றொன்று. ஒத்திசைவில் ஓரிடத்து அழிவு மற்றோரிடத்து அழிவும் ஆகிறது. நீக்கியவற்றைச் சில காலம் குப்பைத்தொட்டியில் வைத்திருப்பார்கள். ஐகிளவுடில் 30 நாள், கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படங்களுக்கு 60 நாள். அதன்பின் மீட்பில்லை. கைபேசியில் மட்டும் இடத்தை விடுவிக்கும் வசதி தனியாக உண்டு. அதற்கும் வெறும் அழித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் விரலை வைக்கலாகாது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய ‘3-2-1’ என்ற விதி எளியது: மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில். மேகம் அந்த ‘வேறோரிடம்’ ஆகட்டும். அது மட்டுமே போதாது. வன்தட்டு ஒன்றில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் படங்களை இறக்கி, இரண்டொன்றைத் திறந்து பார்த்து, இன்னொரு வீட்டில் ஒரு நகலை வைப்பது பெரிய செலவன்று. இன்னொன்றும் உண்டு. கணக்குக்கு உரியவர் மறைந்தால் படங்கள் யாருக்கு? இரண்டாண்டு தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உரியவருக்குப் பின் பொறுப்பேற்பவரை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி கூகுளிலும் ஆப்பிளிலும் இருக்கிறது. சுவடிக்கு உரியவர் போனபின் அதன் அருமை அறியாத வீடுகளில்தானே சுவடிகள் அழிந்தன!

*

என் காணொளியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். திதி முடிந்து அனைவரும் உண்டு அமர்ந்திருந்தபோது, தயங்கித் தயங்கி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அக்கா கோபிக்கவில்லை. “அன்னைக்கே எனக்கு அனுப்பினியேடா தம்பி, என் பழைய போன்ல இருக்கும், பாரு” என்றார். அலமாரியிலிருந்து அந்தப் பழைய கைபேசியை எடுத்து மின்னேற்றினோம். இருந்தது. அனுப்பும்போது அளவு மிகுதி என்று பாதிக்குமேல் வெட்டி அனுப்பியிருக்கிறேன் போலும், ஒன்றரை நிமிடந்தான். சுருக்கப்பட்ட படமாதலால் முகம் மங்கலாகத் தெரிகிறது. குரல் மட்டும் தெளிவு. மாகாணி முடிந்து அரைக்கால் வாய்பாட்டின் நடுவில் நின்றுவிடுகிறது.

முதலும் ஈறும் சிதைந்த ஏடுகளைப் பாடஞ்சொல்லியே காலங்கழித்தவன் நான். இப்போது என் வீட்டிலும் அப்படியொன்று இருக்கிறது. அதை அன்றே மூன்று இடங்களில் பிரதி செய்தேன். பிறகு மகளை அழைத்து, “எஞ்சிய அரைக்கால் உனக்கு நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன். அவள் தாத்தாவின் இராகத்திலேயே நான்கு வரி சொல்லி, ஐந்தாவதில் தடுமாறி நின்றாள். அந்த நான்கு வரியையும் பதிவு செய்துகொண்டேன்.