காப்ரித் தீவும் ஒரு பேரரசன் தேடிய ஓய்வும்

உழைத்துக் களைத்தவன் ஓய்வை நாடுதல் இயற்கை. செல்வம் மிக்கவனோ ஓய்வு மட்டும் போதும் என்று அமைவதில்லை. அவ்வோய்வு பிறர்க்குக் கிட்டாத இடத்தில், பிறர் காணாத வளங்களுடன் அமைய வேண்டும் என்று விழைகிறான். இவ்விழைவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. மத்தியதரைக் கடற்றீவுகளில் இன்பமாளிகை எடுத்து ஓய்வு கொள்ளும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதன் வரலாற்றில் முதலிடம் பெறுவது இத்தாலியின் காப்ரித் தீவு ஆகும்.

நேப்பிள்ஸ் விரிகுடாவின் தென்பால், சொரெண்டோ முனைக்கு எதிரே கடலில் நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை மலையே காப்ரி. அதன் பரப்பு ஏறத்தாழ 10 சதுரக் கிலோமீட்டர். இச்சிறு தீவிலிருந்து உரோமப் பேரரசு முழுவதும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆளப்பட்டது என்பது வியப்பிற்குரிய செய்தி. அவ்வாறு ஆண்டவன் டைபீரியஸ். அவன் பெயர் பொறித்த காசுகள் தமிழகத்து மண்ணிலும் கிடைத்துள்ளன. ஆதலின் அவன் வரலாறு தமிழர்க்கு முற்றும் அயலானதன்று.

அகஸ்டஸ் கண்ட தீவு

காப்ரியை அரச குடும்பத்தின் உடைமையாக்கியவன் டைபீரியசுக்கு முன் ஆண்ட அகஸ்டஸ். கி. மு. 29-இல் அவன் அத்தீவில் இறங்கியபோது, பட்டுப்போன முதிய ஓக் மரம் ஒன்று மீண்டும் தளிர்த்ததாம். அதனை நன்னிமித்தமாகக் கொண்ட அவன், இஸ்கியா என்னும் பெரிய தீவை நேப்பிள்ஸ் நகரத்தார்க்குக் கொடுத்து, அதற்கு மாற்றாகக் காப்ரியைப் பெற்றுக்கொண்டான். தீவில் தோண்டியெடுக்கப்பட்ட பேருருவ விலங்குகளின் எலும்புகளையும் பழங்காலத்துப் படைக்கலங்களையும் தன் மாளிகையில் திரட்டி வைத்தான் என்று சுவட்டோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

கி. பி. 14-இல், தான் இறப்பதற்குச் சின்னாள் முன்னர், அகஸ்டஸ் காப்ரியில் நான்கு நாட்கள் தங்கினான். அப்பயணத்தின்போது பூத்தியோலித் துறையருகே அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த கப்பல் ஒன்று எதிர்ப்பட்டது. அதில் இருந்தோர் வெள்ளுடை உடுத்து, மாலை சூடி, நறும்புகை எழுப்பி அவனை வாழ்த்தினர். தாங்கள் உயிர் வாழ்வதும் கடலோடுவதும் அவனாலேயே என்றனர். மகிழ்ந்த மன்னன் தன்னுடன் வந்தோர்க்குத் தலைக்கு 40 பொற்காசுகள் வழங்கினான். ஆனால் அப்பணத்தைக் கொண்டு அலெக்சாந்திரியச் சரக்குகளையே வாங்க வேண்டும் என்று அவர்களிடம் உறுதி பெற்றுக்கொண்டான்.

அலெக்சாந்திரியா அந்நாளில் கீழ்த்திசைப் பண்டங்கள் உரோமை அடையும் வாயிலாக விளங்கிற்று. சேரநாட்டு மிளகும் பாண்டிநாட்டு முத்தும் செங்கடல் வழியே எகிப்தை அடைந்து, அங்கிருந்தே இத்தாலிக்குச் சென்றன. யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாடல் நமக்கு உணர்த்துகிறது. எனவே காப்ரியின் இன்பத்திற்கும் தமிழகத்தின் வாணிகத்திற்கும் இடையே ஒரு மெல்லிய இழை ஓடுவது காணலாம்.

ஆடம்பரத்தை வெறுத்தவன்

டைபீரியஸ் இயல்பில் சிக்கனமானவன். போர்க்களங்களில் பல்லாண்டு கழித்தவன். கி. பி. 22-இல் ஆடம்பரத்தை அடக்கச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு உரோமில் எழுந்தபோது, அவன் ஆட்சிமன்றத்திற்கு ஒரு திருமுகம் விடுத்தான். அதன் சாரத்தை டாசிட்டஸ் தம் நூலில் தருகிறார். எல்லையற்றுப் பரந்த மாளிகைகளையா, அடிமைக் கூட்டத்தையா, பொன் வெள்ளிக் கலன்களையா, எதனை முதலில் தடுப்பது என்று அவன் வினவுகிறான். பெண்டிர் விழையும் மணிகளுக்காக உரோமின் பணம் வேற்று நாட்டாரிடம் செல்வதையும் குறிப்பிட்டு வருந்துகிறான். ஆயினும் சட்டத்தால் பயனில்லை, அவரவர் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவன் முடிவு.

அவன் வருந்தியதற்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுள் டைபீரியஸ் காலத்தவை பல. கொங்குநாட்டில் கிடைத்த வெள்ளிக் காசுகளிலும் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவர் காசுகளே மிகுதி. பின்னாளில் பிளினி என்பார், ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என்று கணக்கிட்டுக் கூறியதும் இத்துடன் ஒப்பு நோக்கத்தக்கது.

இத்தகைய மன்னன், பரந்த மாளிகைகளை முதற் குற்றமாக எண்ணியவன், ஐந்தாண்டுகளுக்குள் காப்ரியில் குடியேறிப் பன்னிரண்டு மாளிகைகளில் தங்கினான் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இடம் தேர்ந்த திறம்

கி. பி. 26-இல் டைபீரியஸ் உரோமை விட்டு நீங்கினான். அடுத்த ஆண்டு காப்ரியை அடைந்தான். அத்தீவை அவன் தேர்ந்ததற்கான காரணங்களை டாசிட்டஸ் எடுத்துரைக்கிறார். அதனைச் சூழ நல்ல துறைமுகம் இல்லை. சிறு கலங்கள் ஒதுங்கும் இடங்களும் சிலவே. காவலர் அறியாமல் எவரும் கரையேற இயலாது. மலை மறைப்பதால் குளிர்காலம் கடுமையாக இராது. கோடையில் மேல்காற்று வீசும். எதிரே அழகிய விரிகுடா. அந்நாளில் வெசுவியஸ் மலை தீக்கக்கி அக்காட்சியைச் சிதைத்ததில்லை. அந்த அழிவு கி. பி. 79-இல் நேர்ந்தது.

மாளிகைகளுள் பெரியது தீவின் கீழ்க்கோடியில், கடல்மட்டத்திற்கு 300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஜோவிஸ் மாளிகை. செங்குத்தான பாறையின்மேல் இத்துணைப் பெரிய இல்லம் எடுப்பதில் முதல் இடர்ப்பாடு தண்ணீரே. ஆகவே கட்டடத்தின் நடுவில் பெரிய நீர்த்தொட்டிகளை அமைத்து, கூரைகளில் விழும் மழைநீரை அவற்றில் தேக்கினர். நீராடும் கூடங்களும் சமையற் பகுதியும் அரசன் உறையும் அறைகளும் இத்தொட்டிகளைச் சூழ்ந்தே எழுந்தன. 1932-இல் தொடங்கி மையூரி என்னும் தொல்பொருள் அறிஞர் நிகழ்த்திய அகழ்வாய்வு இவ்வமைப்பைத் தெளிவாகக் காட்டிற்று.

திருமுகத்தால் நடந்த ஆட்சி

அரசன் ஓய்வு கொள்ளலாம். அரசு ஓய்வு கொள்ளலாகாது. காப்ரியிலிருந்து திருமுகங்கள் உரோமுக்குச் சென்றன; உரோமிலிருந்து செய்திகள் காப்ரிக்கு வந்தன. இவ்விரண்டிற்கும் இடையில் நின்றவன் காவற்படைத் தலைவன் செஜானஸ். அரசனைக் காண்பதற்கும் அவனுக்குச் செய்தி எட்டுவதற்கும் இவன் தயவே வேண்டியதாயிற்று. கி. பி. 29-இல் அகஸ்டசின் பேர்த்தியாகிய அக்ரிப்பினா, பந்தாத்தேரியா என்னும் தீவிற்கு நாடு கடத்தப்பட்டாள். கி. பி. 33-இல் அங்கேயே உணவின்றி மாண்டாள். ஒரே கடலில் ஒரு தீவு இன்ப இல்லமாகவும் மற்றொரு தீவு சிறையாகவும் இருந்த நிலை இது.

இறுதியில் செஜானஸ் மீதே ஐயம் பிறந்தது. கி. பி. 31 அக்டோபர் 18-ஆம் நாள், காப்ரியிலிருந்து வந்த நீண்ட திருமுகம் ஆட்சிமன்றத்தில் படிக்கப்பட்டது. புகழுரை கேட்கும் என்று அமர்ந்திருந்த செஜானஸ், அதன் இறுதியில் தன்மேல் குற்றச்சாட்டைக் கேட்டான். அன்றே கொல்லப்பட்டான். அந்நாளில் டைபீரியஸ் தீவின் உயர்ந்த பாறைமேல் நின்று, தொலைவிலிருந்து காட்டப்படும் அடையாளங்களை நோக்கியவாறே இருந்தானாம். தப்பியோடக் கப்பல்களும் அணியமாக நின்றன. பகைவன் ஒழிந்த பின்னரும் ஒன்பது திங்கள் அவன் தன் மாளிகையை விட்டு வெளிவரவில்லை என்கிறார் சுவட்டோனியஸ். அச்சமின்றி வாழ்வதற்காகத் தேர்ந்த இடம் அச்சத்தின் உறைவிடமாயிற்று.

ஆட்சியிலும் தளர்ச்சி தோன்றியது. ஸ்பெயினுக்கும் சிரியாவிற்கும் உரிய ஆளுநர்கள் பல ஆண்டுகள் தம் நாடுகளுக்குச் செல்லவில்லை. எல்லைப்புறங்களில் பகைவர் புகுந்தனர். உரோமில் அரச துரோக வழக்குகள் பெருகின.

பழியும் உண்மையும்

காப்ரியில் டைபீரியஸ் நடத்தியனவாகச் சொல்லப்படும் இழிசெயல்கள் பல. பெரிய மீன் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டு, பாறை வழியே ஏறி வந்த ஏழைச் செம்படவனின் முகத்தில் அம்மீனையே தேய்க்கச் செய்தான் என்பது அவற்றுள் ஒன்று. இவற்றை அப்படியே ஏற்கலாமா?

இவற்றை எழுதிய டாசிட்டசும் சுவட்டோனியசும் டைபீரியஸ் இறந்த பின்னரே பிறந்தவர்கள். அவன் மறைந்து முக்கால் நூற்றாண்டிற்கும் மேல் கழிந்த பின்னரே தம் நூல்களை எழுதினர். மன்னன் கண்காணாத இடத்தில் மறைந்து வாழ்ந்தமையால், மக்கள் நா எதனையும் புனைய இடமேற்பட்டது. அவன் காலத்தில் வாழ்ந்த அலெக்சாந்திரிய அறிஞர் ஃபைலோ, அவன் ஆட்சியில் நிலவிய அமைதியைப் புகழ்ந்தே எழுதினார். கி. பி. 27-இல் பிதேனே நகரில் காட்சியரங்கம் இடிந்து பல்லாயிரவர் மாண்டபோது, அவன் தீவினின்றும் கரைக்கு வந்து மக்களைக் கண்டான். கி. பி. 33-இல் பண நெருக்கடி நேர்ந்தபோது, பத்துக்கோடி செஸ்டர்ஸ் பணத்தை மூன்றாண்டுகளுக்கு வட்டியின்றிக் கடனாக வழங்க ஏற்பாடு செய்தான். ஆகவே அவனை முற்றும் கொடியன் எனவும் ஆகாது. குற்றமற்றவன் எனவும் ஆகாது. பணியை விட்டு விலகியது அவன் குற்றம் என்பது உறுதி. மற்றவை ஆராய்ச்சிக்குரியன.

எட்டாத ஓய்வு

டைபீரியசுக்குத் தீவு வாழ்க்கை புதிதன்று. கி. மு. 6-இல், அரசியலில் சலிப்புற்று அவன் ரோட்ஸ் தீவிற்குச் சென்றான். அங்கு எளிய இல்லத்தில் வாழ்ந்தான். பின்னர் நகர் திரும்ப விரும்பியபோது அகஸ்டஸ் இசையவில்லை. கி. பி. 2-இல்தான் மீள முடிந்தது. விரும்பிச் சென்ற இடமே அவனுக்குச் சிறையாயிற்று. அப்பட்டறிவு இருந்தும் அவன் மீண்டும் தீவையே நாடினான்.

காப்ரியிலிருந்து இருமுறை உரோமை நோக்கிப் புறப்பட்டும் அவன் நகருக்குள் நுழையவில்லை. கி. பி. 37 மார்ச்சு 16-ஆம் நாள், காப்ரிக்குத் திரும்பும் விருப்பத்துடனேயே மிசேனம் என்னும் கரையூரில் இறந்தான். அதற்குச் சின்னாள் முன் காப்ரியின் கலங்கரை விளக்கம் நிலநடுக்கத்தால் இடிந்து வீழ்ந்தது. பின்னாளில் கொமோடஸ் என்னும் பேரரசன் தன் தமக்கை லூசில்லாவையும் தன் மனைவி கிறிஸ்பினாவையும் நாடு கடத்தியதும் இக்காப்ரிக்கே. இன்பத் தீவு சிறைத் தீவாகவே ஆகிவிட்டது.

1826-இல் செருமானியர் இருவர் நீலக்குகையினுள் நீந்திச் சென்று அதன் எழிலை உலகறியச் செய்தனர். அதன்பின் காப்ரி மீண்டும் செல்வர் நாடும் இடமாயிற்று. அங்குச் செல்வோர் ஜோவிஸ் மாளிகையின் இடிந்த சுவர்களையும் வறண்ட நீர்த்தொட்டிகளையும் இன்றும் காணலாம். மழைநீரைத் தேக்கத் தெரிந்தவர்க்கு மன அமைதியைத் தேக்கத் தெரியவில்லை. கடமையை முடித்தவனுக்கு ஓய்வு எங்கும் கிட்டும். கடமையை விட்டு ஓடியவனுக்குப் பன்னிரண்டு மாளிகைகளிலும் அது கிட்டாது. காப்ரி கூறும் வரலாறு இதுவே.