நூட்டல்

மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கும் பாதையில், ஜப்பானிலிருந்து வந்த ஓட்டோ கியர் கார் ஒன்றின் முன்னாசனத்தில் அமர்ந்திருந்தபோது, சாரதியின் இடக்கையருகே பி, ஆர், என், டி, எல் என நிரையாக நின்ற ஐந்தெழுத்துக்களைக் கண்டேன்; பஞ்சாக்ஷரத்தை ஓதுபவர்கூடத் தம் அக்ஷரங்களை அச்சாரதி நோக்கிய பயபக்தியோடு நோக்கமாட்டார்.

டி என்பது டிரைவ். மந்தையை முடுக்கிச் செலுத்துதல் என்ற பழம்பொருளிலிருந்து வண்டிக்கு வந்த சொல். மாடு ஓட்டிய வினையாலேயே காரையும் ஓட்டுகின்ற நமக்கு இதில் வியப்பில்லை. பி குறிக்கும் பார்க், வேட்டை விலங்குகளுக்காக வேலியிட்ட நிலமாயிருந்து, பீரங்கி வண்டிகள் நிற்குமிடமாகி, ஈற்றில் எவ்வண்டியும் நிற்பதற்கு ஆயிற்று.

என் என்பதே சுவையானது. நியூட்ரல் என்ற அச்சொல், லொறி ஓட்டிப் பழகியவர் நாவில் நூட்டலாகிவிட்டது. அதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு ‘இரண்டனுள் எதுவுமன்று’ என்பது பொருள். ஆணுமன்று பெண்ணுமன்று எனும் இலக்கணப் பாலுக்கும், வடமொழியார் நபும்சகம் என்றாற்போல, ரோமர் இச்சொல்லையே இட்டனர். தமிழிலோ, பகையுமின்றி நட்புமின்றி நிற்கும் நிலைக்கு நொதுமல் என்ற அருமையான சொல் இருந்தும், அது அகப்பாட்டின் ‘நொதுமலர் வரைவு’ என்னும் துறையோடும் உரையாசிரியர்களோடும் நின்றுவிட்டது. கியர்ப்பெட்டிவரை வர அதற்கு வழியில்லாது போயிற்று.

இந்நொதுமலுக்குரிய ஆசனமும் எளிதில் வாய்த்ததன்று. 1939இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் அறிவித்த ஹைட்ராமாட்டிக் கியரில் பி இல்லை. என் ஓர் ஓரத்திலிருக்க, முன்னோக்கி மெல்லச் செலுத்தும் நிலையும் பின்னோக்கிச் செலுத்தும் நிலையும் அடுத்தடுத்து நின்றன. கை சற்றே வழுவினால் முன்செல்ல நினைத்தவன் பின்சென்றான். 1968இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதி, இவ்விரு திசைகளுக்கும் நடுவே என் இருந்தே தீரவேண்டும் என்றது. பொருளால் நடுவாயிருந்த சொல் இடத்தாலும் நடுவாயிற்று.

ஆனால் நடுநிலை சமதரையில்தான் செல்லும். நூட்டலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்குமுள்ள உறவு அறுந்துவிடுதலால், மலைச்சரிவில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. தாழ்ந்த கியரான எல்லிலோ எஞ்சினே சக்கரத்தின் வேகத்தைத் தடுக்கிறது.

“இறக்கத்துல நூட்டல்ல விட்டா பெட்ரோல் மிஞ்சுமாமே?” என்று சாரதியிடம் கேட்டேன்.

“பெட்ரோல் மிஞ்சுதோ இல்லையோ ஐயா, பிரேக்கு மிஞ்சாது,” என்று சொல்லி, அவர் நெம்பை எல்லுக்கு இழுத்தார். எஞ்சின் உறுமிற்று, கார் தயங்கியது. இரண்டு வளைவுகளுக்கப்பால், கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று பாதையோரத்தில் ஒதுங்கி நின்றது. அதன் சக்கரங்களிலிருந்து எழுந்த கருகல் நாற்றம், பச்சைக்கொழுந்தின் வாசத்தையும் மீறி, எங்கள் கண்ணாடிக்குள் புகுந்தது.