வலம்புரி – எவருடைய வலம்? பிள்ளையார்பட்டித் திருமேனியும் மன்னார் வளைகுடாச் சங்கும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மரபு வலம்புரி என்று போற்றும் சங்கினை உயிரியல் இடப்புறச் சுருளுடைய ஓடு என வகைப்படுத்துகிறது. இம்முரண் பார்வைத் திசையால் எழுந்ததே தவிர, இரு தரப்பில் எதுவும் பிழைபட்டதன்று. பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் திருமேனியில் ‘வலம்’ என்னும் சொல் பெறும் பொருளோடு ஒப்பிட்டு இதனை விளக்குவதும், சங்கின் கருவளர்ச்சியிலும் நரம்பு மண்டலத்திலும் அத்திசை பதிந்திருக்கும் முறையைக் காட்டுவதும், தமிழ் அறிவியல் எழுத்துக்குத் தெளிவான சொல்லாட்சியைப் பரிந்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

திறவுச்சொற்கள்: வலம்புரி, சங்கு, பிள்ளையார்பட்டி, வயிற்றுக்காலிகள், முறுக்கம், நரம்பு மண்டலம்.

1. முன்னுரை

சிவகங்கை மாவட்டம் காரைக்குடிக்கு அருகிலுள்ள பிள்ளையார்பட்டி, முற்காலப் பாண்டியர் குடைவரைகளுள் ஒன்றைக் கொண்ட ஊர்; நகரத்தார் கோயில்கள் ஒன்பதனுள் ஒன்று அமைந்த ஊருமாகும். இங்குப் பாறையில் புடைப்பாக வடிக்கப்பட்ட கற்பக விநாயகர் இரு கைகளுடன் வடக்கு நோக்கி அமர்ந்துள்ளார். துதிக்கை வலப்புறம் வளைந்திருத்தலால் அவர் வலம்புரி விநாயகர் எனப்படுகிறார். இங்கு ‘வலம்’ என்பது இறைவனின் வலம். எதிரே நின்று வணங்குவோர் கண்ணுக்குத் துதிக்கை அவர்தம் இடப்புறமாகவே வளைந்து தோன்றும்.

இதே அடைமொழியைப் பெற்ற மற்றொரு பொருள் சங்கு. முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் திருமாலின் கையிலும், ஆண்டாளின் திருப்பாவையில் மழை முழக்கத்திற்கு உவமையாகவும் வலம்புரி இடம்பெறுகிறது. திருமேனியில் வலம் என்பது உடலுக்கு உரியவரின் வலமாயின், சங்கில் அது எவருடைய வலம் என்னும் வினா எழுகிறது.

2. கடலும் உள்நாடும்

பிள்ளையார்பட்டி உள்நாட்டு ஊராயினும், சங்கு இவ்வட்டாரத்திற்கு அயலான பொருளன்று. இதே மாவட்டத்துக் கீழடி அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. அகநானூற்றின் 24-ஆம் பாடல் அரத்தால் சங்கறுக்கும் தொழிலைச் சுட்டுகிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், கொற்கையில் அறுத்தெறியப்பட்ட சங்குத் துண்டுகளைக் கண்டறிந்து, இலக்கியம் கூறும் தொழிலுக்குப் பொருட்சான்று அளித்தார். அவர் 1914-இல் வெளியிட்ட இந்தியச் சங்கு பற்றிய நூல் சங்குகுளித்தல், வங்காளத்து வளையல் தொழில், வழிபாட்டு மரபு ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்தது.

தூத்துக்குடி முதல் இராமநாதபுரம் வரையிலான கடலில் குளிக்கப்படும் இச்சங்கிற்கு லின்னேயஸ் 1767-இல் அறிவியற்பெயர் இட்டார். இன்று அது டர்பினெல்லா பைரம் என வழங்குகிறது. ஐரோப்பிய ஓட்டியல் அறிஞர் கெம்னிட்ஸ் 1786-இல் இடப்புறச் சுருளுடைய ஓடுகளுக்கெனத் தம் தொகுப்பில் தனிப் பகுதி ஒதுக்கினார். தமிழர் வலம் என்றதை அவர் மரபு இடம் என்றது. எனினும், இவ்வடிவம் அரியது என்பதில் இரு மரபுகளும் உடன்பட்டன.

3. பார்வைத் திசையும் பெயரும்

ஓட்டியலார் சங்கின் கூர்நுனியை மேலாக நிறுத்தி, வாயைத் தம்மை நோக்கி வைத்துப் பார்ப்பர். அவ்வாறு பார்க்கையில் பெரும்பான்மைச் சங்குகளின் வாய் வலப்பக்கமும், அரிய சங்கின் வாய் இடப்பக்கமும் அமையும்.

வழிபாட்டில் சங்கைக் கையாளும் முறை வேறு. திருமஞ்சனத்தில் நீர் சங்கின் மூக்கு வழியே முன்னோக்கி வடிய வேண்டும்; ஆதலின் மூக்கு முன்னாகவும், கூர்நுனி ஏந்துபவர் பக்கமாகவும், வாய் மேலாகவும் ஏந்தப்படுகிறது. ஓட்டியலார் நிறுத்தும் நிலைக்கு இது நேர் தலைகீழானது. இந்நிலையில் அரிய சங்கின் வாய் ஏந்துபவரின் வலப்பக்கம் திறக்கும். ஓட்டைத் தலைகீழாக்கினால் வாயின் பக்கம் மாறும். சுருளின் இயல்பு மாறாது. எனவே சங்கின் வலம் ஏந்துபவரின் வலம். பிள்ளையாரின் வலம் அவருடைய வலம். ஒரே அடைமொழி இரு வேறு சட்டகங்களில் நின்று பொருள் தருகிறது.

மூன்றாவது சட்டகமும் உண்டு: அது சங்கினுள் வாழும் உயிரியின் உடல். பிள்ளையாருக்கு உரிய அளவுகோலையே இவ்வுயிரிக்கும் கொண்டு, தலை முன்னாக அது ஊர்ந்து செல்லும் நிலையில் நோக்கினால், பெரும்பான்மைச் சங்கில் ஆண் உயிரியின் புணர்ச்சியுறுப்பு தலையின் வலப்பக்கம் அமைந்திருக்கும். அரிய வலம்புரியிலோ உடலமைப்பு ஆடிப்பிம்பம்போல் மாறி, அவ்வுறுப்பு இடப்பக்கம் அமையும்.

4. கருவில் தொடங்கும் திசை

வலம் இடம் என்னும் வேறுபாடு வளர்ந்த ஓட்டில் தோன்றுவதன்று. நத்தை இனங்களின் முட்டை முதலில் இரண்டாகவும் பின் நான்காகவும் பிளவுற்று, அடுத்த பிளவில் எட்டுச் செல்களாகிறது. அப்போது மேலடுக்கின் நான்கு சிறு செல்கள் கீழடுக்கின் செல்களுக்கு நேர்மேலே நில்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பி அமைகின்றன. மேலிருந்து நோக்க, அத்திருப்பம் ஓர் இனத்தில் கடிகார முள்ளின் போக்கிலும், மற்றோர் இனத்தில் அதற்கு எதிராகவும் நிகழும். இடப்புறச் சுருளுடைய நன்னீர் நத்தையில் இத்திருப்பம் தலைகீழாக நிகழ்வதை 1894-இல் கிராம்ப்டன் காட்டினார்.

மரபுவழி பற்றிய விடை 1923-இல் கிடைத்தது. பாய்காட்டும் டைவரும் குளத்து நத்தைகளை வளர்த்துப் பெற்ற முடிவுகளைச் சுர்ட்டவண்ட் விளக்கினார்: நத்தையின் சுருள் திசையை அதன் சொந்த மரபணு அன்று, தாயின் மரபணுவே தீர்மானிக்கிறது. தாய் முட்டையில் சேர்த்துவைக்கும் பொருள்கள் முதற் பிளவுகளை ஆள்வதே இதன் காரணம். 2009-இல் குரோதா குழுவினர் எட்டுச்செல் நிலையிலுள்ள கருவின் செல்களை நுண்ணூசியால் எதிர்ப்பக்கம் தள்ளி, உடலமைப்பு முழுவதும் திசைமாறிய நத்தைகளை வளர்த்தெடுத்தனர். 2019-இல் அபேயும் குரோதாவும் செல்லின் உட்சட்டகத்தை அமைக்கும் புரதத்திற்குரிய ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, வலப்புற நத்தையின் வழியில் இடப்புற நத்தைகளைத் தோற்றுவித்தனர்.

குளத்து நத்தையில் மெய்ப்பிக்கப்பட்ட இவ்விதியை மன்னார் வளைகுடாச் சங்கிற்கு அப்படியே ஏற்றியுரைத்தல் ஆகாது. எனினும் சுருள்பிளவு முறை இவ்விரண்டுக்கும் பொதுவானது. பெண் சங்கு ஆட்டுக்கொம்பு போன்ற, பல அறைகளுடைய முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி இடுகிறது. குஞ்சுகள் அதனுள்ளேயே வளர்ந்து, ஓட்டுடன் ஊர்ந்து வெளிவருகின்றன. ஆதலின் சங்கின் திசை, கடல்நீரைக் காணுமுன்பே முடிவாகிவிடுகிறது.

5. நரம்பில் பதிந்த திசை

வயிற்றுக்காலிகளின் கருவளர்ச்சியில் சுருளலினின்று வேறான மற்றொரு நிகழ்ச்சி முறுக்கம். உள்ளுறுப்புத் தொகுதி தலை–பாதப் பகுதியின்மேல் ஏறத்தாழ 180 பாகை திரும்புகிறது. பின்னிருந்த கழிவாயும் செவுளும் தலைக்குமேல் வந்தமைகின்றன. தலையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் இணை நரம்பு நாண்கள் இத்திருப்பத்தால் ஒன்றையொன்று கடந்து, எட்டு என்னும் எண்ணின் வடிவில் குறுக்கிடுகின்றன. ஸ்பெங்கல் 1881-இல் இக்குறுக்கீட்டை அடிப்படையாகக் கொண்டே வயிற்றுக்காலிகளை, முறுக்குண்ட நரம்புடையன, நேர்நரம்புடையன என இரண்டாகப் பகுத்தார். முறுக்கம் இளவுயிரி தன் தலையைக் காத்துக்கொள்ள உதவியது என்னும் கருத்தை 1928-இல் கார்ஸ்டாங் முன்வைத்தார்; அது இன்றளவும் விவாதத்திற்குரியது.

சங்கு முறுக்குண்ட நரம்புடைய கிளையைச் சேர்ந்தது. அதன் நரம்பு முடிச்சுகள் உணவுக்குழலைச் சுற்றி நெருங்கி அமைந்திருப்பினும் குறுக்கீடு எஞ்சியுள்ளது. பெரும்பான்மைச் சங்கில் இடப்பக்கச் செவுளும், அதனையடுத்து நீரை மோப்பமிடும் உறுப்புமே நிலைத்துள்ளன. வலப்பக்க இணைகள் மறைந்துவிட்டன. மணலில் புதைந்து வாழும் புழுக்களை இச்சங்கு தேடிப் பிடிப்பதற்கு அம்மோப்ப உறுப்பு துணைசெய்கிறது. வலம்புரியில் இவ்வமைப்பு முழுவதும் பக்கம் மாறி நிற்கும்: செவுள், மோப்ப உறுப்பு, நரம்பின் குறுக்கீடு அனைத்தும் ஆடிப்பிம்பமாகும். வழிபடுவோர் ஓட்டில் கண்ட அருமை, உள்ளிருந்த உயிரியின் நரம்பு வரை ஊடுருவியது.

6. சொல்லாட்சியின் பயன்

இம்மூன்று சட்டகங்களையும் பிரித்தறியாமையால் இருவகைக் கேடுகள் விளைகின்றன. ஒன்று, அறிவியல் நூல்களின் ‘இடப்புறச் சுருள்’ என்பதை ‘இடம்புரி’ என மொழிபெயர்ப்பதால், அரிய சங்கு பொதுச் சங்காகவும் பொதுச் சங்கு அரியதாகவும் தலைமாறுகின்றன. மற்றொன்று வணிகம் சார்ந்தது. அமெரிக்கக் கடற்கரையில் வாழும் வேறொரு சங்கினம் இயல்பாகவே இடப்புறச் சுருளுடையது. அவ்வினத்தில் அது அருமையன்று. அதன் ஓடுகள் வலம்புரி எனும் பெயரில் விற்கப்படுகின்றன. வாயின் பக்கத்தை மட்டும் கொண்டு வலம்புரியை அறிவோர் எளிதில் ஏமாறுவர். இனத்தை அறிய வேறு அடையாளம் உண்டு: மன்னார் வளைகுடாச் சங்கின் நடுத்தண்டில் தடித்த மடிப்புகள் வரிசையாக அமைந்திருக்கும், அமெரிக்க இனத்தில் அவ்வரிசை இல்லை.

‘வலம்புரி’, ‘இடம்புரி’ என்னும் சொற்களை வழிபாட்டு மரபின் பொருளிலேயே நிறுத்திக்கொண்டு, கூர்நுனியிலிருந்து நோக்கும்போது சுருள் வளரும் போக்கிற்கு ‘வலஞ்சுழி’, ‘இடஞ்சுழி’ என்பவற்றை ஆளலாம். கணிதத் தமிழில் கடிகார முள்ளின் போக்கையும் எதிர்ப்போக்கையும் இச்சொற்கள் முன்னரே குறிக்கின்றன. அவ்வாறாயின் ‘வலம்புரிச் சங்கு இடஞ்சுழி வளர்ச்சியுடையது’ என்னும் தொடரில் முரண் இராது.

7. முடிவுரை

முன்னும் பின்னும், மேலும் கீழும் உறுதியாகாத வரை வலமும் இடமும் பொருள்படா. கருவியல் இதனை 19-ஆம் நூற்றாண்டிற்குப் பின் சோதனைகளால் நிறுவியது. பிள்ளையார்பட்டிச் சிற்பி இறைவனின் முகத்தை வடக்கே நிறுத்திய பிறகே துதிக்கையின் வலம் பொருள் பெற்றது. மூக்கை முன்னிட்டு ஏந்திய பிறகே சங்கு வலம்புரியாயிற்று. எவருடைய வலம் என்று வினவாமல் தமிழ் மரபின் பெயரைப் பிழை என்பதும், அப்பெயரைக் கொண்டு உயிரியலைப் பிழை என்பதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன.