நோத்தாபோடைட்டஸ் மரம்

பழனி மலையின் சோலைக்காடுகள் உட்பட மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சிறுமரம் நோத்தாபோடைட்டஸ் நிம்மோனியானா. பூக்கள் துர்நாற்றம் வீசும். புற்றுநோய் மருந்துகளின் மூலப்பொருளான கேம்ப்டோதெசின் இதில் உள்ளது. மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1966இல் இச்சேர்மத்தைச் சீன மரம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தனர். நம் மரத்தில் அது மிகுதியாக இருப்பதை 1972இல் தெரிவித்தவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும். செல் பிரியும்போது டி.என்.ஏ. முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமரேஸ்-1 நொதியைக் கேம்ப்டோதெசின் முடக்குகிறது. சூலகப் புற்றுக்கான டோபோடெக்கான், பெருங்குடல் புற்றுக்கான இரினோடெக்கான் ஆகியவை இதன் வழிவந்தவை.

காய்ந்த பட்டையில் இச்சேர்மம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே. அதனால் ஏராளமான மரங்கள் வெட்டப்பட்டன. வேரிலும் சேர்மம் இருப்பதால் வேரோடு பிடுங்கும் வழக்கமும் உண்டு. அப்படி எடுத்தால் மரம் மீளாது. அடிமரத்தை விட்டு வெட்டினால் மறுதுளிர் விடும். ஆனாலும் காட்டு மரங்களை மட்டும் நம்பியிருக்க முடியாது; சாகுபடியே முறையான வழி. மரத்துக்கு மரம் சேர்ம அளவு பெரிதும் மாறுபடுவதால், தாய்மரத் தேர்வில்தான் அதன் வெற்றி இருக்கிறது. காட்டில் மரம் அழிந்தால் அந்தத் தேர்வுக்கு இடமே இருக்காது.